அம்மன் சுத்துற வழி

என்னைத் திட்டுவதற்கு என் பிறந்த வீட்டில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் வைத்திருந்தார்கள். சுத்துறது. பள்ளிக்கூடம் விட்டுக் கொஞ்சம் தாமதமாக வந்தால் சுத்துகிறேன். தோழி வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் சுத்துகிறேன். என் அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் வரை போய்விட்டு மறுநாள் வந்து நிற்பான். அவன் மட்டும் "வெளியே போயிருந்தான்". அதே தெருவில்தான் திருமுருகன் என் பின்னாலேயே ஒரு வருஷம் சுத்தினார். அவர் சுத்தினது காதல், நான் சுத்தினது கொழுப்பு. ஏன் இப்படி என்று கேட்டதற்கு எங்கம்மா என் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

அந்தத் திருமுருகனையே கட்டிக்கொண்டு இந்தக் குப்பத்துக்கு வந்தேன். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ட்ரெய்லர் லாரி ஓடுகிற ஹைரோடு. இங்கே வந்த பிறகுதான், யாரிடமும் திட்டு வாங்காமல் ஊர் சுத்துகிற பொம்பளை ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தது. எங்கள் எல்லையம்மன். ஆடி மாசம் கூழ் ஊத்துகிற அன்றைக்குப் பல்லக்கில் ஏறி, குப்பத்தின் நாலு எல்லையையும் சுத்திவிட்டுக் கோயிலுக்குத் திரும்புவாள். எங்களிடம் பட்டாவும் கிடையாது, வரைபடமும் கிடையாது. அம்மன் எது வரைக்கும் போகிறாளோ அது வரைக்கும் எங்கள் ஊர். கேட்க வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லுவோம். சில பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவள் போகிற வழியில் மணல்மேடு இருக்கிறது. நாங்கள் கருவாடு காயப்போடுகிற இடம். கடல் காற்று நேராக அடிக்கும், ஈ அதிகம் மொய்க்காது, காலையில் பரப்பினால் சாயங்காலம் புரட்டிப் போடலாம். என்னைப் போல இருபது முப்பது வீட்டுப் பெண்களுக்கு அடுப்பு எரிவதே அந்த மணலால்தான்.

குப்பத்துக்கும் மணல்மேட்டுக்கும் நடுவில் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் யார்டு வந்தது. எவன் எங்கே கையெழுத்துப் போட்டான் என்று கேட்டு எங்கள் ஆட்கள் ஆபீஸ் ஆபீஸாகச் சுத்தியதுதான் மிச்சம். மதில் எழும்பிவிட்டது. முதலில் இருந்த மேனேஜர் கொஞ்சம் ஈரம் உள்ளவர். யார்டுக்குள் ஒரு ஓரமாக வழி விட்டிருந்தார். குப்பத்துப் பக்கம் ஒரு கேட், மணல்மேட்டுப் பக்கம் ஒரு கேட். நாங்கள் கூடையோடு உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருவோம். ஆடியில் அம்மனும் அப்படியே வருவாள். கடலில் மீன் குறையக் குறைய எங்கள் ஆம்பளைங்களில் பாதிப் பேர் அந்த யார்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். பகலில் சிட்டிக்குள் ட்ரெய்லரை விடமாட்டார்கள் என்பதால் அங்கே வேலை பெரும்பாலும் ராத்திரிதான். என் வீட்டுக்காரருக்குக் குப்பத்துக் கேட்டில் நைட் டியூட்டி, காக்கிச் சட்டை, விசில்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து லட்சுமணன் என்று புது மேனேஜர் வந்தார். வந்த கையோடு அந்த வழியில் கன்டெய்னரை அடுக்கி, இரண்டு கேட்டையும் பூட்டினார். நாங்கள் கூடையோடு போய் நின்றோம். மனுஷன் கோபமாகக்கூடப் பேசவில்லை. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிற தோரணையில், "சுத்திப் போங்கம்மா" என்றார்.

சுத்திப் போவது என்றால் இதுதான். ஈர மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஹைரோட்டில் ஏறி, யார்டு மதில் முடிகிற வரைக்கும் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில் நடந்து, முள்ளுக்குள் இறங்கி, மறுபடி கடலைப் பார்த்து வர வேண்டும். பாதி வழியிலேயே மீன் நாற ஆரம்பித்துவிடும். ஒரு நாள் என் பக்கத்து வீட்டு பவுனம்மாளை ஒரு ட்ரெய்லர் உரசிக்கொண்டு போனது. கூடை சக்கரத்துக்கு அடியில் போனது, அவள் சாக்கடைக்குள் விழுந்து தப்பித்தாள். அன்றைக்கு அவள் திட்டிய திட்டு எண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு பாதிப் பெண்கள் கருவாட்டை விட்டுவிட்டார்கள்.

ஆடி பிறந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ரகுபதி கோயில் வாசலில் கூட்டம் போட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது நாற்காலி போட்டு உட்காரவைத்தால் எழுந்திருக்கத் தெரியாது. அவர் சுத்தி வளைத்துப் பேசியதன் சாரம் இதுதான்: இந்த வருஷம் அம்மன் யார்டு கேட் வரைக்கும் போவாள். கேட்டுக்கு வெளியே தீபாராதனை. அங்கிருந்து குப்பத்து நடுத்தெரு வழியாக நேரே கடற்கரைக்கு வந்துவிடுவாள். அதற்குப் பதிலாக யார்டுக்காரர்கள் பூப்பல்லக்கு செய்து தரப்போகிறார்கள். பவுனம்மாள் என் தோளில் சாய்ந்து, அம்மன் காதிலேயே பூ சுத்திவிட்டார்கள் பார் என்றாள்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பின்னால் நிற்கலாம், பேசக்கூடாது. நான் பேசினேன்.

"இந்த வருஷம் அம்மன் அந்த வழியா போவலன்னா, அடுத்த வருஷம் அது உங்க எல்லையே இல்லன்னு சொல்லுவாங்க. அப்பால மணல்மேட்ட தலைமுழுகிட வேண்டியதுதான். இது தெரிஞ்சுதான் ஒத்துக்கினீங்களா?"

ரகுபதி என் பக்கம் திரும்பவே இல்லை. என் புருஷனைப் பார்த்தார். கூட்டமே என் புருஷனைப் பார்த்தது. அவர் தரையைப் பார்த்தார். விஷயம் அதோடு முடிந்ததாக ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டோம். வேலை போனால் என்ன செய்வது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். படகு விற்றாயிற்று, கடலுக்குக் கூலியாள் மாதிரிப் போக அவருக்கு மனசு வராது, மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் என் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. என் கருவாடு இல்லாமல் அந்தச் சம்பளத்தில் மட்டும் எந்த மாசமாவது கடைசி வாரம் தாண்டியிருக்கிறோமா என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் எல்லை கட்டினார்கள். திருவிழாவுக்கு முன்னால் பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு அம்மன் போகப்போகிற வழியில் நடப்பார். ஒவ்வொரு மூலையிலும் எலுமிச்சம்பழம் அறுத்து, தண்ணீர் தெளித்து, "இதான் எல்லை" என்று மூன்று தரம் சத்தமாகச் சொல்லுவார். பின்னாலேயே பெண்கள் போய் அந்த இடத்தில் வேப்பிலைத் தோரணம் கட்டுவோம். யார்டு கேட் வந்ததும் பூசாரி இந்தப் பக்கமே நின்றார். பழத்தை அறுத்தார். இதான் எல்லை என்றார். ரகுபதி தலையை ஆட்டினார். நான் தோரணம் கட்டமாட்டேன் என்று கூடையைக் கீழே வைத்துவிட்டேன். பவுனம்மாளும் வைத்துவிட்டாள்.

அப்புறம் கோயிலில் ஆம்பளைங்களுக்குக் காப்பு கட்டினார்கள். மஞ்சள் கயிறு. யார்டில் வேலை செய்கிற அத்தனை பேரும் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். என் வீட்டுக்காரரும் நீட்டினார்.

சாயங்காலம் அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முந்தின நாள் சண்டையின் மிச்சம் என் வாயில் இருந்தது. குத்திக்காட்டத்தான் கேட்டேன், வேறு எண்ணம் எதுவும் அப்போது இல்லை.

"எங்க கெளம்பிட்ட?"

"இன்னாடி கேள்வி இது. டியூட்டிக்கு."

"கைல இன்னா கட்டிகினு கீற?"

"காப்பு."

"எல்லை எது வரிக்கும்?"

"கேட்டு வரிக்கும்..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

காப்பு கட்டினவன், அம்மன் ஊர் சுத்திக் கோயிலுக்குள் திரும்புகிற வரைக்கும், எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. இதைப் பூசாரி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, எங்கள் ஊர்க் குழந்தைக்குத் தெரியும். அந்த நாட்களில் ராத்திரிக் கடலுக்கும் போகமாட்டார்கள். ஒரு தரம் காப்புக் கையோடு பழவேற்காட்டில் அக்கா வீட்டில் தூங்கிய ஒருத்தரை அடுத்த வாரமே அலை கொண்டுபோயிற்று. சாமி கும்பிடாதவர்கள்கூட அந்தக் கதையை நம்புவார்கள். போன வருஷம் வரைக்கும் யார்டு எல்லைக்கு உள்ளே இருந்தது, நைட் டியூட்டிக்கு ஒரு தடையும் இல்லை. இந்த வருஷம் அதை வெளியே தள்ளியது இவர்களே. தள்ளிவிட்டு அதே கையில் காப்பும் கட்டிக்கொண்டார்கள். அத்தனை பெரிய மனுஷர்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு போய், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். அம்மனை நம்புகிறேன். அம்மன் பேரைச் சொல்லி ஆம்பளைங்க போடுகிற சட்டத்தை அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் சட்டம் அவர்களுடையது. எடுத்து அவர்கள் தலையிலேயே வைக்க எனக்கென்ன தயக்கம்?

அன்றைக்கு நான் சுத்தினேன் பாருங்கள், அப்படி ஒரு சுத்து. பவுனம்மாள் கிழக்கு வரிசை, நான் மேற்கு வரிசை. ஒரு வீடு விடவில்லை. போராட்டம், கோஷம் என்றெல்லாம் பேசவில்லை. எல்லை எது வரைக்கும் என்று உன் வீட்டுக்காரரைக் கேள், அவ்வளவுதான் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தார். யார்டில் கிரேன் ஓட்டுகிற ஃப்ரெடிக்குக் காப்பும் கிடையாது, அம்மனும் கிடையாது, அவன் மாதா கோயில்காரன். அவன் எங்கள் தெரு முனையில் பைக்கை நிறுத்தி விஷயத்தைக் கேட்டான். "நான் மட்டும் போயி யாருக்கு தூக்கி வெக்கறது?" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

விடிந்தபோது ஹைரோட்டில் ட்ரெய்லர்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசைகட்டி நின்றன. லட்சுமணன் நேராகக் கோயிலுக்கே வந்துவிட்டார். சட்டை கசங்கியிருந்தது. ஊரே கூடியிருந்தது, இந்த முறை பெண்கள் முன்னால் நின்றோம். யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

அவர் ரகுபதியிடம்தான் பேசினார். ஒரு கற்பூரத்தைக் காட்டிக் கயிற்றை அவிழ்த்துவிட முடியாதா என்று கேட்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ரகுபதி அன்றைக்கு எழுந்தார். கட்டினது அம்மன், அவிழ்க்க நாங்கள் யார் என்றார். சரி, யார்டும் எல்லைக்குள்தான் என்று பூசாரி வாயால் சொல்லிவிடட்டுமே என்றார் மேனேஜர். வாயால் சொன்னால் எல்லை ஆகாது, செம்போடு நடக்க வேண்டும், அம்மனும் அதே வழியில் வர வேண்டும் என்றார் பூசாரி. அப்படியானால் திருவிழா அன்றைக்கு ஒரு மணி நேரம் கேட்டைத் திறந்துவிடுகிறேன், இன்றைக்கு ராத்திரி ஆட்களை அனுப்புங்கள் என்றார். ரகுபதி வாய் சரி என்று சொல்லத் திறந்தது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"திருவிழாக்கு தொறந்தா திருவிழா அன்னிக்குத்தான் எல்லை. இன்னிக்கு ராத்திரி ஆளு வேணும்னா இன்னிக்கே எல்லை கட்டணும். ஒண்ணு உள்ள, இல்ல வெளிய. ராத்திரிக்கு உள்ள, பகல்ல எங்களுக்கு மட்டும் வெளியன்னு அம்மன்கிட்ட சொல்ல முடியாது சார்."

லட்சுமணன் அப்போதுதான் என்னைப் பார்த்தார். யாருடைய மனைவி என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பிறகு திருமுருகனைத் தேடிப் பார்த்து, நம்மிடம் வேலை பார்க்கிறவர் வீட்டில் இப்படிப் பேசலாமா என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். திருமுருகன் இந்தத் தரம் தரையைப் பார்க்கவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை. காப்பு கட்டிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, "அவ சொன்னது சரிதானே சார்" என்றார். ஊரே கேட்கச் சொல்லிவிட்டார்.

ஹைரோட்டில் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. லட்சுமணன் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, சரி, இன்றைக்கே எல்லை கட்டுங்கள் என்றார். மத்தியானத்துக்குள் வழியில் இருந்த கன்டெய்னரையெல்லாம் ஃப்ரெடி தூக்கி வேறு பக்கம் அடுக்கினான்.

பூசாரி செம்போடு முன்னால் நடந்தார். பின்னால் ஊர். வழி முடிகிற இடத்தில், மணல்மேட்டுப் பக்கத்துக் கேட்டில் நின்று, மணல்மேட்டையும் சேர்த்துத் தண்ணீர் தெளித்து, இதான் எல்லை என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் எனக்கு அழுகை வந்துவிட்டது. இதிலென்ன வெட்கம். ஏழு மாசமாக லாரிக்குப் பயந்து சாக்கடை ஓரம் நடந்தவளுக்குத்தான் அந்த மணலைக் கேட் வழியாகப் பார்க்கிற அருமை தெரியும்.

இனித் தோரணம் கட்ட வேண்டும். முன்பெல்லாம் அங்கே நாங்கள் ஒரு கம்பு நட்டு அதில் கட்டுவோம். இப்போது எல்லாம் சிமென்ட். பவுனம்மாள் சுத்துமுத்தும் பார்த்தாள். திறந்த கேட்டின் கதவு மதிலோடு ஒட்டிக் கிடந்தது. மதிலில் லைட் கம்பத்துக்கான இரும்பு வளையம் ஒன்று இருந்தது. தோரணக் கயிற்றைக் கதவுக் கம்பிக்குள் நுழைத்து, வளையத்துக்குள் விட்டு, திரும்பத் திரும்பச் சுத்தி, படகைக் கட்டுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். அங்கிருந்து வந்து குப்பத்துப் பக்கத்துக் கேட்டிலும் அப்படியே நான் கட்டினேன்.

சடங்கு முடிந்தது என்று லட்சுமணனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். திருமுருகனைக் கூப்பிட்டு, கேட்டை மூடச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் தோரணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தோரணம் கட்டி கீது சார். எல்லைத் தோரணத்த அறுக்கக் கூடாது."

"எப்ப எடுப்பீங்க?"

"எடுக்க மாட்டோம் சார். தானா நைஞ்சு உதிரணும்."

சரி, இரண்டு வாரம் போகட்டும் என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, மனுஷன் கிட்டே போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மற்ற ஊரில் தோரணத்தை வாழைநாரிலோ சணலிலோ கோர்ப்பார்கள். நாங்கள் மீன்காரர்கள், எங்கள் வீட்டில் கயிறு என்றால் வலைக்கயிறுதான். நைலான். வெயிலிலும் உப்பிலும் கிடந்து பழகியது. வேப்பிலை உதிரும். அது உதிராது. பவுனம்மாள் இதை யோசித்துச் செய்தாளா, கையில் இருந்ததை எடுத்தாளா என்று நான் இன்று வரை கேட்கவில்லை. லட்சுமணன் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய விஷயம்.

அவர் வேண்டுமானால் அறுக்கலாம். அன்றைக்கு ராத்திரி ஒரு ஆள்கூட வேலைக்கு வரமாட்டான், அதுவும் அவருக்குத் தெரியும்.

கூழ் ஊத்தின அன்றைக்கு அம்மன் அந்த வழியாகவே போனாள். பூப்பல்லக்கு வரவில்லை. எங்கள் பழைய மரப்பல்லக்கில், நாங்கள் கட்டிய சாமந்தி மாலையோடு, கன்டெய்னர்களுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து போனாள்.

காப்பு அவிழ்த்த மறு வாரம் திருமுருகனுக்கு வேலை போயிற்று. கேட்டுக்கு இனி ஏஜென்சி ஆள் வருவாராம், காரணம் வேறொன்றும் சொல்லவில்லை. காலையில் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு வீட்டுக்கு வந்தார். நான் காரப்பொடி மீன் கூடையை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"இப்போ சந்தோஷமாடி?"

மகளின் பள்ளிக்கூடம், வீட்டுச் செலவு, எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்தது. பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

"சந்தோஷம்தான்யா. பயமாவும் கீது. ஆனா சந்தோஷம்தான்."

அவர் டிபன் பாக்ஸை வாசற்படியில் வைத்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு கூடையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் கருவாட்டுக் கூடையைத் தொட்டதில்லை, பொம்பளை வேலை என்பார். இரண்டு பேருமாகக் கேட்டுக்குள் நுழைந்தோம். ஏஜென்சி ஆள் கதவில் கட்டியிருந்த நைலான் கயிற்றைப் பார்த்துவிட்டு வழி விட்டார். பாதி வழியில் ஒரு ட்ரெய்லர் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நான் பழக்கதோஷத்தில் ஒதுங்கப் போனேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து வழி நடுவிலேயே நிறுத்தினார். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நாங்களும் வேகத்தைக் கூட்டவில்லை.